ஏழு வண்டி வீட்டுச் செக்

கோம்பையைச் சேர்ந்த ஒரு பெண் கொடுத்த செக் நல்ல செக் என்று தெரிந்தும், அதை வாங்க வேண்டாம் என்று ஒரே காலையில் இரண்டு கடைகளுக்குப் போனில் சொன்னேன். தவறிப்போய்ச் சொல்லவில்லை. அவர் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகே சொன்னேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் உத்தமபாளையத்தில் பி.வி.சி. குழாய்க் கடை வைத்திருந்தேன். எங்கள் பக்கம் அப்போதுதான் செக் தாராளமாகப் புழங்க ஆரம்பித்திருந்தது. திராட்சை வியாபாரி தோட்டத்துக்காரருக்குச் செக் கொடுப்பார், தோட்டத்துக்காரர் உரக்கடைக்குச் செக் கொடுப்பார். சில செக்குகள் பேங்குக்குப் போய்ப் பணமில்லாமல் திரும்பி வரும். பட்டுப் பட்டு அலுத்த கடைக்காரர்கள் நாங்கள் பதினேழு பேர் ஒன்று சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். யாருடைய செக் திரும்பினாலும் எனக்குத் தெரிவிக்க வேண்டும். நான் அதை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். புதிதாக யாராவது செக் நீட்டினால், வாங்கலாமா கூடாதா என்று எனக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளலாம். மதுரையில் பி.காம். படித்தவன் என்பதால் இந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. எனக்கு அதில் பெருமை. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வாடிக்கையாளரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே கேட்க முடியாதல்லவா? அதனால் ஒரு மறைமொழி வைத்திருந்தோம். கடைக்காரர் போனை எடுத்து, "ரெண்டு இஞ்சு பைப்பு இருக்காண்ணே?" என்று கேட்பார். வாங்கலாம் என்றால் நான் "இருக்கு" என்பேன். கூடாது என்றால் "ஸ்டாக் இல்ல" என்பேன். குமுளிப் பக்கமிருந்து சலவைச் சட்டையும் தங்கச் சங்கிலியுமாக வந்த ஒருவர் ஒரு லாரி சிமெண்டுக்குச் செக் நீட்டியபோது, நான் சொன்ன "ஸ்டாக் இல்ல" ஒரு கடையையே காப்பாற்றியது. அன்றைக்கு அந்தக் கடைக்காரர் எனக்கு ஒரு கிலோ அல்வா அனுப்பினார். நோட்டு ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த நோட்டில் ஒரு கோளாறு இருந்தது. கோம்பையிலும் தேவாரத்திலும் குலசாமி பெயரைத்தான் பிள்ளைகளுக்கு வைப்பார்கள். ஒரே தெருவில் ஒரே பெயரில், ஒரே இனிஷியலோடு நாலு பேர் இருப்பார்கள். ஆகையால் ஊரில் எப்படி ஆளை அடையாளம் சொல்வார்களோ அப்படியே, வீட்டின் பட்டப்பெயரை வைத்து எழுதினேன். மச்சு வீடு, சுண்ணாம்புக் காளவாசல் வீடு, ஏழு வண்டி வீடு. என்றைக்கோ ஒரு பாட்டன் ஏழு மாட்டுவண்டி வைத்திருந்ததால் வந்த பெயர் அது. வண்டிகள் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. வீட்டில் ஒருவர் செக் திரும்பினால், அந்த வீட்டுக்கே என் நோட்டில் சுழி விழும்; பிறகு அந்த வீட்டில் யார் செக் நீட்டினாலும் "ஸ்டாக் இல்ல"தான்.

ஏழு வண்டி வீட்டில் திரும்பியது கணவரின் செக். லாரி வாங்கி நொடித்துப்போய், ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணி வேலைக்கென்று மலைக்குப் போய்விட்டார். மனைவி கோம்பைக்கு மேற்கே ஒரு திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, தானே நின்று விவசாயம் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். தை மாதத்தில் ஒருநாள் பாலிதீன் பையில் பாஸ்புக்கைச் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"அண்ணே, நோட்டு ஒண்ணு வச்சிருக்கீகளாமே?"

"என்ன நோட்டுத்தா?"

"நடிக்காதீக. ஊருக்கே தெரியும். அவரு பண்ணுனத அவரு கணக்குல எழுதுங்க. எனக்குத் தனியா ஒரு பக்கம் போடுங்க. இந்தா, பாஸ்புக்கு."

வாங்கிப் புரட்டினேன். சின்னச் சின்ன வரவுகள், அளவான செலவு. ஓரிடத்திலும் செக் திரும்பியதற்கான பிடித்தம் இல்லை. எத்தனையோ பாஸ்புக் பார்த்தவன் நான். அதுபோல் சுத்தமான ஒன்றை அதிகம் பார்த்ததில்லை. "எழுதிடுறேன்த்தா" என்றேன்.

எழுதவில்லை. இந்த வீட்டைப் பிரித்து எழுதினால் மற்ற வீட்டுக்காரர்களும் வந்து நிற்பார்கள், நோட்டு குழம்பிப்போகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உள்ளே கிடந்த காரணம் வேறு. ஒரு பெண் வந்து என் நோட்டு தப்பு என்று காட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த சித்திரையில் ஒரு சனிக்கிழமை, பதினோரு மணி வாக்கில் மோட்டார் கடையிலிருந்து போன் வந்தது.

"அண்ணே, ஏழு வண்டி வீட்டுல இருந்து வந்திருக்காக. ரெண்டு இஞ்சு பைப்பு இருக்கா?"

"யாரு, வீட்டுக்காரரா?"

"இல்லண்ணே, அக்காதான்."

பாஸ்புக் கண்ணுக்கு முன்னால் வந்தது. "ஸ்டாக் இல்ல" என்றேன். கால் மணி நேரத்தில் இன்னொரு மோட்டார் கடையிலிருந்து அதே கேள்வி. அதே பதில்.

பன்னிரண்டைத் தாண்டியதும் அந்தப் பெண்ணே என் கடை வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் வெயில்.

"ரெண்டு கடையிலயும் மோட்டாரு கேட்டேன். ரெண்டு பேரும் போன எடுத்துப் பைப்பு இருக்கான்னு கேக்குறாக. நான் பைப்பே கேக்கலையேண்ணே."

நான் சிரித்து மழுப்பினேன். அவர் விடவில்லை.

"அங்கன வரிசையா ஆறு மோட்டாரு நிக்குது. எல்லாம் நேத்தே வித்துப்போச்சுக்கான்னு கடைக்காரரு சொல்றாரு. வித்த மோட்டாரு எதுக்குக் கடையில நிக்குது? புருசன் வீட்டுக்குப் போகமாட்டேன்னு அடம் பிடிக்குதா?"

தோட்டத்துப் போர்வெல் மோட்டார் வெள்ளிக்கிழமை காலையில் எரிந்துவிட்டதாம். ஏற்கெனவே மூன்று தடவை உள்ளே கம்பிச் சுருள் மாற்றிக் கட்டிய மோட்டார், இனித் தாங்காது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். கொடியில் மணி பருக்கும் சமயம். அந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் காய் சுண்டிப்போகும், ஒரு வருடத்துக் குத்தகையும் உழைப்பும் அதோடு போகும். எங்கள் பள்ளத்தாக்கில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

"பேங்குல போய்ப் பணமா எடுத்துட்டு வந்துருத்தா" என்றேன்.

"இன்னிக்கு அரை நாளு, பூட்டிட்டாக. நாளைக்கு ஞாயித்துக்கெழம. திங்கக்கெழம லீவு. எங் கொடி செவ்வாக்கெழம வரைக்கும் பொறுக்குமாண்ணே? எங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல்னா எனக்கு ஊசி போடுவீகளா?"

அவர் பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்தார். என் மேஜையில், என் பேனாவை வாங்கி, நின்றபடியே எழுதினார். பெரிய, அழுத்தமான தமிழ்க் கையெழுத்து.

"உங்க பேருக்கு எழுதிருக்கேன். ஒரு மோட்டாரு வெல. பேங்கு தெறந்ததும் போட்டுப் பாருங்க. திரும்பி வந்தா உங்க நோட்டுல கொட்டையா எழுதிக்கங்க. பாஸாயிருச்சுன்னா என்ன செய்யணும்னு படிச்சவுக உங்களுக்குத் தெரியும்."

போய்விட்டார். அந்த நிமிடமே நான் தெருவைக் கடந்து போய் ஒரு மோட்டாரை ஏற்றி அனுப்பியிருக்கலாம். ஒரு போன் செய்தால்கூடப் போதும். செக்கை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

செவ்வாய்க்கிழமை பேங்கில் போட்டேன். இருவருக்கும் ஒரே கிளையில் கணக்கு என்பதால் அரை மணி நேரத்தில் பாஸாகிவிட்டது. பணம் என் கணக்கில் ஏறியதைப் பார்த்ததும் உடம்பு கூசியது. நேரே மோட்டார் கடைக்குப் போனேன். ஒரு புது மோட்டாரை வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கோம்பைக்குப் புறப்பட்டேன். பரிசு கொண்டு போகிறவனைப்போல் உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பந்தலுக்கடியில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டு வெளியே வந்தார்.

"அத எறக்காதீக. தேவாரத்துல பழைய மோட்டாரு விக்கிறவரு ஞாயித்துக்கெழம வந்து அவரே மாட்டிக் குடுத்துட்டுப் போனாரு. செக்குதான் குடுத்தேன். வாங்கிக்கிட்டாரு."

"உன் செக்கு பாஸாயிருச்சுத்தா" என்றேன்.

அவர் முகம் மாறியது. "போட்டுட்டீகளா?"

"நீதான போடச் சொன்ன?"

"சொன்னேன். நோட்டுல ஒத்த வரி எழுத மனசு வராதவரு செக்கையா கொண்டுபோய்ப் போடப்போறாருன்னு இருந்துட்டேன். கணக்குல ஒரு மோட்டாருக்குத்தாண்ணே பணம். நாளைக்குக் காலையில தேவாரத்துக்காரரு பேங்குல வந்து நிப்பாரு. எங்க வீட்டுச் செக்கு மறுபடியும் திரும்பும். இந்தத் தடவ எங் கையெழுத்துல."

நல்ல செக்கை மோசம் என்று சொன்னதோடு என் வேலை முடியவில்லை. அதை மோசமாக்கும் வேலையையும் நானே செய்திருந்தேன். சாயங்காலத்துக்குள் பணத்தோடு வருகிறேன் என்றேன்.

"எங்கிட்டத் தராதீக. எங் கணக்குல கட்டுங்க. அவரு வாரதுக்கு முந்திக் கட்டுங்க."

புறப்படும்போது பந்தலின் மேற்கு ஓரத்தைப் பார்த்தேன். மூன்று வரிசையில் காய்கள் சுருங்கித் தொங்கின. அவர் அதைச் சுட்டிக்காட்டவில்லை. நானாகத்தான் பார்த்தேன்.

ஏற்றிப்போன மோட்டாரை அன்றே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் பேங்க் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். எனக்குப் பின்னால் வேட்டியில் கிரீஸ் கறையோடு ஒருவர் வந்து நின்றார். தேவாரத்துக்காரர் என்று கேட்காமலே தெரிந்தது. கதவு திறந்ததும் அவர் செக்கை நீட்டி டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நான் என் கணக்கிலிருந்து பணத்தை எடுத்து அந்தப் பெண்ணின் கணக்கில் கட்ட வேண்டும். அதிகாரியிடம் போய் அவசரம் என்றேன்.

"அடுத்தவங்க கணக்குக்கு நீங்க ஏன் சார் இப்படித் தவிக்கிறீங்க?"

"தப்பு பண்ணிட்டேன் சார். என் தப்புக்கு அந்தம்மா செக்கு திரும்பக்கூடாது."

பெஞ்சில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அதிகாரி என்னிடம் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பணத்தை மாற்றி வைத்தார். பிறகு தேவாரத்துக்காரரின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் ரூபாய் நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணி, மடியில் செருகிக்கொண்டார். வாசலில் அவரை நிறுத்திக் கேட்டேன்.

"யாருகிட்டயும் விசாரிக்காம எப்படிங்க செக்கு வாங்குனீக?"

"விசாரிக்காம வாங்குவேனா? அதான் கொடியப் பாத்தேன்ல. களை இருக்கா, கட்டுக் கம்பி தளர்ந்திருக்கா, எல்லாம் பாத்துட்டுத்தான் வாங்குனேன்."

அவர் பள்ளிக்கூடம் போயிருப்பார் என்று தோன்றவில்லை. என்னைவிட நன்றாக விசாரித்திருந்தார்.

அன்று மத்தியானமே மறுபடி கோம்பைக்குப் போய், சுருங்கிய மூன்று வரிசைக்கும் ஈடு தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "காசு எதுக்கு? அந்த ரெண்டு கடையிலயும் வந்து சொல்லுங்க. நான் நிக்கையில சொல்லுங்க."

சனிக்கிழமை வந்தார். முதல் கடைக்காரர் சமாளிக்கப் பார்த்தார். "விடுங்கண்ணே, ஏதோ ஸ்டாக்குக் கொழப்பம். அக்கா, காப்பி சாப்புடுங்க."

"அவரு சொல்லட்டும்" என்றார் அந்தப் பெண்.

சொன்னேன். நோட்டைப் பற்றி, தை மாதம் பாஸ்புக் பார்த்தது பற்றி, தெரிந்தே "ஸ்டாக் இல்ல" என்றது பற்றி, எதையும் விடாமல் சொன்னேன். கடையில் மோட்டார் பார்க்க வந்தவர்கள் நாலைந்து பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காது சுட்டது. ஆனாலும் என் வாழ்க்கையில் நான் பெருமைப்படுகிற காரியங்களில் அந்த ஐந்து நிமிடத்துக்கு இடம் உண்டு. இரண்டாவது கடையிலும் அதையே சொன்னேன்.

அந்த வாரத்தோடு நோட்டை நிறுத்திவிட்டேன். மற்றக் கடைக்காரர்கள் என்னைத் திட்டினார்கள். "ஒரு பொம்பளைக்காக ஊரு முழுக்க ஏமாறணுமாக்கும்?" என்றார் உரக்கடைக்காரர். வேறொருவர் கொஞ்ச நாள் ஒரு நோட்டுப் போட்டார். அவரவர் பெயர், அப்பா பெயர், கணக்கு எண் என்று தனித்தனியாக எழுதினார். அவர் என்னிடம் யோசனை கேட்டு வந்தபோது அப்படி எழுதச் சொன்னது நான்தான்.

அந்தப் பெண் அடுத்த பத்து வருடங்களில் குத்தகைத் தோட்டத்தைச் சொந்தமாக வாங்கினார். பக்கத்துத் தோட்டத்தையும் வாங்கினார், சொட்டுநீர்க் குழாய் போட்டார். மோட்டார் கடைகளுக்கும் உரக்கடைக்கும் செக்தான் கொடுப்பார். யாரும் போனைத் தொடுவதில்லை. ஒன்றுகூடத் திரும்பியதில்லை. கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் வரும் வியாபாரிகளிடம், எங்கள் பக்கத்து நாணயம் என்று நான் அவரைத்தான் சொல்லுவேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றும். ஆனாலும் சொல்லுவேன்.

என் கடைக்கும் வந்தார். குழாய் தரமாக இருக்கிறது என்று என்னிடம்தான் வாங்கினார். ஆனால் எனக்கு ஒருமுறைகூடச் செக் கொடுத்ததில்லை. முந்தின நாளே பேங்கில் எடுத்து வைத்திருந்த ரொக்கத்தை மேஜையில் வைப்பார். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"செக்கே குடுக்கலாமேத்தா. எதுக்கு இம்புட்டுப் பணத்தப் பஸ்ஸுல சுமந்துட்டு வார?"

"இருக்கட்டும்ணே. உங்களுக்கு எதுக்கு அலச்சல்?" என்று சிரித்தார். கோபமில்லாத சிரிப்புத்தான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் கடையை மூடும்வரை அது மாறவில்லை. நான் பணத்தை எண்ணி வாங்கி ரசீது எழுதிக் கொடுப்பேன். அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரை நின்று வாசித்து, என் கையெழுத்தையும் பார்த்த பிறகுதான் மடித்துப் பையில் வைப்பார்.