சனி மூலையில் முதல் லோடு

எங்கள் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கிணறு சனி மூலையில்தான் இருக்கும். சனி மூலை என்றால் வடகிழக்கு. மழை அங்கிருந்துதான் கட்டும், சாமியும் அங்கேதான் குடியிருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். கிணறு அங்கே இருப்பதால் மோட்டார் ரூமும் அங்கே. மோட்டார் இருப்பதால் மின்சார வாரியத்துக் கம்பியும் அதே மூலைக்குத்தான் வந்து சேரும். இது போதாதென்று, தோட்டத்துக்கு வண்டல் மண் அடித்தால் முதல் லோடை அந்த மூலையில்தான் கொட்ட வேண்டும் என்று ஒரு சாங்கியம். நல்லது அத்தனையையும் ஒரே மூலையில் குவித்து, அதற்கு மேலே கரண்ட் கம்பியை இழுத்து விட்டிருந்தார்கள். டிப்பர் ஓட்டுகிறவன் ஒருவன் வருவான் என்று எந்தச் சாமியும் யோசிக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த ஒருவன் நானாக இருந்தேன். அதுவரை வெளியூர் போகிற லைன் லாரியில் கிளீனராகத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவன். லைசென்ஸ் வாங்கிய கையோடு சூரமங்கலத்தில் ஒரு ஓனர் தன் டிப்பரைக் கொடுத்தார். மேக்னசைட் சுரங்கத்தில் ஓடி ஓய்ந்து ஏலத்துக்கு வந்த வண்டி அது. ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும். மண் கொட்டுகிற தொட்டியைத் தூக்கும் ஜாக்கி மட்டும் நன்றாக வேலை செய்தது.

ஓனருக்கு ஒரு மச்சினன் இருந்தான். அக்காவிடம் அழுது அழுது அந்த ஸ்டியரிங்கைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஓனர் என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"இந்த ஏரி மண்ணு வேலை முடியற மட்டும் ஓட்டு. ஒரு தோட்டத்துக்காரன் உன்னப்பத்திக் குறை சொன்னாலும் வண்டி என்ற மச்சினனுக்கு. எனக்கு ஊட்டுல சோறு வேணுமல்லோ?"

அப்படியே உபதேசமும் செய்தார். "தொட்டியத் தூக்கறதுக்கு முன்னாடி கீழ பாரு, பின்னால பாரு, மேல பாரு." சொல்லும்போது வெற்றிலை எச்சிலைத் துப்ப இடம் தேடி அவரும் கீழே, பின்னால் எல்லாம் பார்த்தார். மேலே மட்டும் பார்க்கவில்லை.

அந்த வருஷம் பனமரத்துப்பட்டி ஏரி வற்றிக் கிடந்தது. கோடை மழை வருவதற்குள் வண்டலை அள்ளிக்கொள்ள மல்லூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அத்தனை பேரும் போட்டி போட்டார்கள். மேலே காய்ந்திருந்தாலும் ஒரு முழம் தோண்டினால் களிபோல ஈர மண். அதை ஆட்கள் கூடையில் அள்ளிப் பலகை மேல் ஏறி வந்து தொட்டியில் கொட்டுவார்கள். பலகை ஒரு பக்கம்தான் சாய்த்திருக்கும், ஆகையால் மண்ணும் அந்தப் பக்கம்தான் மலையாக ஏறும். அப்படி ஒருக்களித்த பாரத்தோடு தொட்டியைத் தூக்கினால் வண்டி படுத்துக்கொள்ளும்.

"அக்கா, அந்தப் பக்கமும் போட்டு நெரவி உடுங்க" என்றேன்.

"ஏஞ்சாமி, மண்ணுக்குத் தலை வகிடு எடுக்கோணுமா?" என்று ஒரு அக்கா கேட்க, ஏரியே சிரித்தது. நான் மம்பட்டியை எடுத்துக்கொண்டு ஏறி நானே நிரவினேன். அதற்கும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், வண்டி சாய்ந்து விழுந்தால் அடியில் கிடக்கப்போவது நான்தானே.

முதல் தோட்டத்துக்காரர் நாற்பது வயதுக்காரர். வெள்ளைச் சட்டையில் மண் படாமல் விவசாயம் செய்கிறவர். வரப்பில் நின்று என்னைப் பார்த்ததுமே அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஏம்ப்பா, மீசையே முழுசா வரல, உன்னையத்தான் அனுப்புனாங்களா? சரி சரி, சனி மூலைக்கு உடு."

வண்டியை ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போய்க் கிணற்றுக்கு முன்னால் நிறுத்தினேன். அவருடைய மனைவி தட்டில் கற்பூரமும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தொட்டியின் பின்கதவில் மஞ்சள் தடவிப் பொட்டு வைக்க ஆரம்பித்தார். நான் இறங்கிக் கீழே பார்த்தேன், தரை கெட்டியாக இருந்தது. பின்னால் பார்த்தேன், கிணறு தள்ளி இருந்தது. மேலே பார்த்தேன். ஐயோ என்றேன்.

கம்பம் ஒரு பக்கம் சாய்ந்து, கம்பிகள் மூன்றும் தொய்ந்து கிடந்தன. தொட்டியைத் தூக்கினால் அதன் மூக்கு நேராகப் போய் அவற்றைத்தான் முத்தமிடும்.

"அண்ணா, இங்க வேண்டாமுங்க. கம்பி இருக்குதுங்க. நடுத்தோட்டத்துல கொட்டிப் போடறேனுங்க."

"கம்பி இருந்தா என்னப்பா? கரண்ட்டு இருக்கோணுமல்லோ? காத்தால போனது, சாயங்காலந்தான் வரும்."

"வந்துருச்சுன்னா?"

"எங்க ஊருக்குக் கரண்ட்டு சொன்ன நேரத்துக்கே வராது, சொல்லாத நேரத்துக்கா வரப்போகுது?"

அது உண்மைதான். இருந்தாலும் நான் நகரவில்லை. அவருக்குக் கோபம் ஏறிவிட்டது. விடுவிடுவென்று மோட்டார் ரூமுக்குள் போனார். ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அமுக்கி, அது அமுங்கியே இருக்கும்படி வழக்கமாகச் செருகுகிற குச்சியையும் செருகினார். மோட்டார் மூச்சு விடவில்லை.

"பாத்தியா? செத்த பாம்பு. இதுக்குப் போயி பயந்து சாவறியே. நீ தூக்கறியா, இல்ல நான் உங்க ஓனர்கிட்டப் போயி மச்சினனையே அனுப்பச் சொல்லட்டுமா?"

மச்சினன் விவகாரம் மல்லூர் வரை தெரிந்திருந்தது. கிளீனராகத் திரும்பிப் போய் மறுபடியும் யாரோ ஒரு டிரைவரின் சட்டையைத் துவைக்க வேண்டும். சனியன், நடப்பது நடக்கட்டும் என்று ஏறி உட்கார்ந்து லீவரை இழுத்தேன்.

தொட்டி முனகிக்கொண்டு எழுந்தது. ஈர மண் பிசின்போல ஒட்டிக்கொண்டு ஒரு பிடிகூட நழுவவில்லை. "ஏத்து, ஏத்து! இன்னங் கொஞ்சம் ஏத்து!" என்று தோட்டக்காரர் தொட்டியின் பக்கப் பலகையில் கையால் ஓங்கி ஓங்கித் தட்டினார். டிப்பரில் ஒரு கூத்து உண்டு. சீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு உலகமே தெரியும், தான் தூக்குகிற தொட்டியின் உச்சி மட்டும் தெரியாது. நான் பயந்தாங்கொள்ளி. பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்தவர்களைப் பார்த்துப் பின்சுவர் ஏறிக் குதித்தவன். லீவரை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கினேன்.

"ஏன்டா நிறுத்துன?"

நான் அண்ணாந்து பார்த்தேன். தொட்டியின் மூக்குக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுதான் இடம் இருந்தது. தோட்டக்காரரின் கை பக்கப் பலகையில். அந்த அம்மாவின் மஞ்சள் கை பின்கதவில், வெறும் கால் ஈரத் தரையில்.

அப்போது மோட்டார் ரூமில் 'உம்ம்' என்று ஒரு உறுமல். குழாய் இரண்டு முறை இருமியது. பிறகு தண்ணீர் தொபதொபவென்று கிணற்றடி வாய்க்காலில் விழுந்தது.

தோட்டக்காரர் கையைப் பலகையிலிருந்து எடுத்தார், எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையில் வைத்துக்கொண்டார். அந்த அம்மா கம்பியைப் பார்த்தார், தன் உள்ளங்கையைப் பார்த்தார், கடைசியில் புருஷனைப் பார்த்தார்.

"ஏனுங்க, கரண்ட்டு இல்லைன்னீங்க?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதோடு கெட்ட வார்த்தைகளும் வந்தன. அழுகையை விழுங்கிவிட்டு மற்றதை வெளியே விட்டேன். பக்கத்தில் ஒரு அம்மா நிற்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. அவரையும், அவர் குச்சியையும், அவர் சனி மூலையையும் ஒன்று விடாமல் திட்டினேன். திட்டிக்கொண்டே அந்த அம்மாவைத் தள்ளிப் போகச் சொல்லி, தொட்டியை அங்குலம் அங்குலமாக இறக்கி, வண்டியை நடுத்தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். ஒட்டியிருந்த மண்ணைத் தொட்டியை இறக்கி வைத்துவிட்டு மம்பட்டியால் சுரண்டினேன். அந்த அம்மா மட்டும் ஒரு கூடை மண்ணை எடுத்துப்போய்ச் சனி மூலையில் போட்டுவிட்டுக் கற்பூரம் கொளுத்தினார். சாங்கியத்துக்கு ஒரு கூடை போதும் என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

தோட்டக்காரர் மொபெட்டை எடுத்துக்கொண்டு சூரமங்கலம் பக்கம் போனதைப் பார்த்தேன். போச்சு, ஸ்டியரிங் போச்சு. சாயங்காலம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, சாவியைக் கையிலேயே நீட்டிக்கொண்டு ஓனர் முன்னால் நின்றேன்.

"சாவிய நீயே வெச்சுக்க. அவுரு வந்துட்டுப் போனாரு."

"என்னங்க சொன்னாரு?"

"நீ பெரிய கைராசிக்காரனாமா. நீ தொட்டியத் தூக்குனதும் நேரங்கெட்ட நேரத்துல கரண்ட்டு வந்து தண்ணி பாஞ்சுதாமா. முதல் லோடுக்கு உன்னையத்தான் அனுப்போணும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காரு."

நான் நிரவிய மண்ணைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அண்ணாந்து பார்த்ததைப் பற்றியும் ஒருவரும் பேசவில்லை. கரண்ட்டை நான்தான் கொண்டுவந்தேனாம். சரி என்று அதையே பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு எந்தத் தோட்டத்தில் சனி மூலையைக் காட்டினாலும், "என்ற ராசிக்குக் கம்பிக்குக் கீழ ஆவாதுங்க" என்பேன். ஆபத்து என்று சொன்னால் அசையாதவர்கள், ராசி என்றதும் தாங்களே முன்னால் நடந்து வேறு இடம் காட்டினார்கள். மச்சினன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தான்.

அடுத்த கோடையில் அதே தோட்டத்துக்கு முதல் லோடு கொண்டுபோனேன். தோட்டக்காரர் வாயெல்லாம் பல்லாக, "வாங்க தம்பி, வாங்க, இந்தத் தடவை மூலைக்கே உட்டுருங்க, உங்க ராசிக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். ஆனால் மூலைக்குப் போக வழியில்லை. கம்பி போகிற நேருக்குக் கீழே, வரப்பிலிருந்து கிணறு வரை, கிளுவை முள்ளை வெட்டி நெருக்கமாக வேலி போட்டிருந்தது. ஆடுகூட நுழையாது.

அவர் அதைப் பார்த்துத் திகைத்தார். "இத ஆரு போட்டது? முந்தாநேத்து வந்தப்ப இல்லியே?"

அந்த அம்மா தலையில் மண்கூடையோடு எங்களைக் கடந்து போனார். கையிலெல்லாம் முள் கீறிய காயம்.

"நாந்தான்" என்றார், என்னைப் பார்த்து. "அவுருக்குச் சொன்னா ஏறாது சாமி, முள்ளு ஏறுனாத்தான் ஏறும். நீங்க நடுவுல கொட்டுங்க."

நான் கீழே பார்த்து, பின்னால் பார்த்து, மேலே பார்த்துவிட்டு நடுவில் கொட்டினேன்.