ராகுகாலத்தில் வந்த அப்டேட்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியானால் திரையின் மூலையில் சின்னப் பெட்டி ஒன்று எழுந்து, அப்டேட் வந்திருக்கிறது, போடலாமா என்று கேட்கும். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். ஜாதகம் பார்க்கிற வீட்டில் அந்த நேரத்தில் புதுப் பென்சில்கூடச் சீவ மாட்டோம். "அப்புறம்னு அமுக்கு" என்பார் என் வீட்டுக்காரர். அமுக்குவேன். அடுத்த ஞாயிறு அதே ஐந்து மணிக்கு மறுபடியும் வந்து நிற்கும்.

காஜா பெராங்கில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் அவர் கல்யாணப் பொருத்தம் பார்த்துச் சொல்வார். கண்ணில் புரை விழுந்த பிறகு எழுத்து தெரியவில்லை என்பதால் தட்டுகிற வேலை எனக்கு வந்தது. நான் மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் பள்ளியில் சேர்ந்து, ஆறாம் வகுப்போடு நின்றவள். வெளியாட்கள் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தால் முகம் பாதி மறையும். அது எனக்கு வசதியாகவே இருந்தது.

கம்ப்யூட்டரை வாங்கிப் பூட்டிக் கொடுத்தவன் என் மகன். குருபோங்கில் ஒரு ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. ஒரு ஞாயிறு சாயங்காலம் வந்தவன் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே விட்டான்.

"ஏழு மாசமா அப்புறம் அப்புறம்னு போட்டிருக்கீங்களாம்மா?"

ஜாதக புரோகிராம் தானாக ஓடாதாம். இணையத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், அடியில் இன்னொன்று இருந்துகொண்டு அதை ஓட்டுமாம். அடுப்பு மாதிரி என்று நான் வைத்துக்கொண்டேன். அந்த அடுப்பில்தான் ஓட்டைகள். செய்தவர்களே ஓட்டையைக் கண்டுபிடித்து, அடைக்கிறதற்கு அனுப்புவதுதான் அப்டேட்.

"அடைக்கலன்னா எவனாவது அது வழியா உள்ள வந்து எல்லாத்தையும் எடுத்துக்குவான்பா."

"முந்நூறு ஜாதகம் இருக்கு. பாதிப் பேருக்கு ஏழரைச் சனி. எடுத்துட்டுப் போய் என்ன செய்வான்?" என்றார் இவர்.

"இப்பவே போட்டுடறேன்."

"மணி என்ன?"

மணி ஐந்தே கால். அவ்வளவுதான். பஞ்சாங்கத்தை எடுத்தார். அடுத்த ஞாயிறு காலை ஒன்பதே காலுக்கு நல்ல ஓரை என்று குறித்துக் கொடுத்தார்.

அந்த ஞாயிறு மகனுக்கு வேலை. நானே போட்டேன். கீபோர்டுக்கு முன்னால் எலுமிச்சம்பழம், ஒரு சீப்பு வாழைப்பழம், சூடம். அப்டேட் முடிந்தது. ஜாதகப் பக்கம் திறக்கிறதா என்று பார்க்கட்டுமா என்று கேட்டேன். "நல்லபடியா முடிஞ்சதை நோண்டாத, மூடு" என்றார். மூடினேன்.

அன்றைக்கே சாயங்காலம் நாலு மணிக்குத் தெங்கேராவிலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். பெண் என் தங்கை மகள். முப்பது வயது முடிந்துவிட்டது; இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெண் சமையல்கட்டில் கறிபாப் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"கையால எழுதித் தர்றது வேணாங்கையா," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "போன தடவ ஒருத்தர் ஒம்போது பொருத்தம்னாரு, இன்னொருத்தர் அதே ஜாதகத்துக்கு மூணுன்னாரு. கம்ப்யூட்டர் பேப்பர்தான் வேணும். பொருந்துச்சுன்னா இந்தப் பொண்ணு. இல்லன்னா காலைல ஜொகூருக்கு பஸ்ஸு, அங்க ஒரு இடம் சொல்லியிருக்காங்க."

பக்கத்தைத் திறந்தேன். ஜாதகம் வரவில்லை. இங்கிலீஷில் நாலு வரி வந்தது. தாய்மாமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துச் சொன்னார்: இதைச் செய்தவர் யாரென்று தெரியவில்லை, உங்கள் பாதுகாப்புக்காகத் தடுத்திருக்கிறோம்.

"யாருன்னு தெரியலயா?" என்றார் என் வீட்டுக்காரர். "புரோகிராம் செஞ்சு குடுத்தவரு, இதே வீட்ல ரெண்டு தடவ மீன் கறி சாப்பிட்டுட்டுப் போன மனுசன்லா அவரு."

அதற்குள் கடிகாரம் நாலரை காட்டியது. இவர் மேசையிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். "இனிமே ஆறு மணிக்குத்தான்."

"ஆறு மணிக்கு நான் வீட்ல வெளக்கு வைக்கணும்ங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"மரம் காய்ச்சிருக்கு, வந்து பாருங்க" என்று இவர் அவர்களை மாமரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போனார். தங்கை என்னைப் பார்த்தாள். சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது. "விடுங்க பெரியம்மா. ஜொகூர்காரியாவது நல்லா இருக்கட்டும்." கூடவே கறிபாப் கருகுகிற வாசமும் வந்தது.

மகனுக்குப் போன் போட்டேன்.

"ம்மா, புது அப்டேட் செஞ்சவங்க கையெழுத்து இல்லாத புரோகிராமை உள்ள விடாது. நமக்குத் தெரிஞ்சவங்கன்னு எழுதி வைக்க ஒரு லிஸ்ட் இருக்கு. அதுல அந்தப் பக்கத்து அட்ரஸை மட்டும் எழுதுங்க."

"இப்ப ராகுகாலமாச்சேப்பா."

"திருட வர்றவன் பஞ்சாங்கம் பார்த்தாம்மா வர்றான்?"

அவன் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லத் தட்டினேன். ஒரு புள்ளியை விட்டுவிட்டேன்; திரும்பவும் முதலிலிருந்து. ஓட்டவா என்று கேட்டது. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு அமுக்கினேன். மணி சரியாக ஐந்து. அந்தச் சின்னப் பெட்டி அன்றைக்கு மட்டும் வரவில்லை.

பிரிண்டர் சத்தம் கேட்டு எல்லோரும் உள்ளே ஓடி வந்தார்கள். பத்துக்கு எட்டுப் பொருத்தம்.

"எப்படித் தெறந்துச்சு?" என்றார் இவர்.

"தானா தெறந்துச்சுங்க."

மாப்பிள்ளையின் அம்மா தாளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ராகுகாலத்துல வந்த பேப்பராச்சே ஐயா?"

இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பேப்பர் வெளிய வந்த நேரம் கணக்கில்லம்மா. நீங்க கேட்டது நாலு மணிக்கு. கேட்ட நேரந்தான் கணக்கு."

அந்த அம்மாள் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "அப்ப ஜொகூருக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லிடறேன்" என்றவர், கருகின கறிபாப்பையும் ஒன்று எடுத்துக் கடித்தார்.

இப்போதும் சில ஞாயிறு ஐந்து மணிக்கு அந்தப் பெட்டி வருகிறது. அந்த நேரத்தில் இவர் கம்ப்யூட்டர் பக்கம் வரமாட்டார். மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, போடு என்று அமுக்கிவிடுவேன்.