இருபது மெகாபைட்டில் இடமில்லை

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்றால் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அலைகிற வேலை என்று நினைப்பார்கள். பாதி நாள் அது அடுத்தவர் அலமாரியைத் திறந்து, எதைத் தூக்கிப் போடலாம் என்று பார்க்கிற வேலை. எண்பதுகளின் கடைசியில் பம்பாயில், செம்பூரில் ஒரு சின்னக் கம்பெனிக்காக அதைச் செய்தேன். அப்போது ஒரு ஹார்ட் டிஸ்க் மொத்தமும் இருபது மெகாபைட். 'இடமில்லை' என்று திரையில் வந்ததும் எதை அழிப்பது என்று தேடிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதனால்தான் இதை உங்களிடம் சொல்லத் துணிகிறேன்.

வக்கீல் ஆபீஸில் இரட்டைப் பிரதி

மாட்டுங்காவில் ஒரு வக்கீல் ஆபீஸ். டைப் செய்பவர் விஜயா மாமி. அவர் பயன்படுத்திய புரோகிராமுக்கு ஒரு குணம்: ஒரு நோட்டீஸைத் திருத்திச் சேமித்தால், திருத்துவதற்கு முந்தையதையும் தனியாக ஒரு நகல் வைத்துக்கொள்ளும். பட்டியலைப் பார்த்தேன். எல்லாமே ஜோடி ஜோடியாக இருந்தன. நகல்களை ஒரே கட்டளையில் அழித்தேன். டிஸ்க்கில் மூன்றில் ஒரு பங்கு காலியானது.

வக்கீல் கை குலுக்கினார். மாமி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "வக்கீல் ஸார் நாளைக்கே 'மொதல்ல எழுதினதுதான் நன்னா இருந்தது'ம்பார். அப்போ நான் உங்களை எங்கே போய்த் தேடறது, சொல்லுங்கோ!"

விக்ரோலியில் சங்கு ஊதினால்

இது ஒரு தொழிற்சாலை. ஃபைல்களின் அளவைக் கூட்டினால் பன்னிரண்டு மெகாபைட்கூட வரவில்லை. டிஸ்க்கோ நிரம்பிவிட்டேன் என்கிறது. மீதியைத் தின்றது யார்? பகல் முழுக்க உட்கார்ந்தும் பிடிபடவில்லை. சாயங்காலம் சங்கு ஊதியது. சூப்பர்வைசர் செல்வராஜ் அண்ணன் எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கினார். லேத்தும் நின்றது, கம்ப்யூட்டரும் நின்றது. எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் அறுந்து, பெயரில்லாத துண்டாக டிஸ்க்கிலேயே தங்கிவிட்டது. தினம் இதே கதைதான் நடந்திருக்கிறது.

மறுநாள் அத்தனை துண்டுகளையும் துடைத்தெடுத்தேன். யாரையும் கேட்கவில்லை, யாரும் தேடவும் இல்லை. யாரும் தேடாதது யாருக்கும் வேண்டாதது என்று எனக்குள் ஒரு திமிர் ஏறியது அங்கேதான். இனி கம்ப்யூட்டரை முறையாக மூடிவிட்டு சுவிட்சை இறக்குங்கள் என்று அண்ணனிடம் பணிவாகச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சங்கு ஊதுனா எல்லா மிஷினும் நிக்கணும் தம்பி. இதுக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?"

தொடாத ஃபைல்கள்

தாராவியில் குடியிருப்போர் சங்கம் ஒன்று. அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர் ரஹ்மத் அக்கா. பம்பாய்க்கு வந்து இருபது வருஷம் ஆகியும் அவருடைய திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை. ஒவ்வொரு குடிசைக்கும் ஒரு ஃபைல் போட்டிருந்தார்: குடும்பத்தில் யார் யார், எந்த வருஷம் வந்தார்கள், ரேஷன் கார்டு எண் என்ன. பத்து வரிதான். ஆனால் அந்தக் காலத்து டிஸ்க்கில் பத்து வரி எழுதினாலும் நாலாயிரம் எழுத்துக்கான இடம் போய்விடும், லோக்கல் ரயிலில் கைக்குட்டையைப் போட்டு ஸீட் பிடிப்பது போல. மூவாயிரம் கைக்குட்டைகளும் மற்ற புரோகிராம்களும் சேர்ந்து டிஸ்க்கை நிரப்பிவிட்டன.

அக்கா மதியத் தொழுகைக்குப் போயிருந்தார். தேதி வாரியாகப் பார்த்தேன். இருநூற்றுச் சொச்சம் ஃபைல்களை ஒரு வருஷமாக யாருமே தொடவில்லை. அவர் வரட்டும் என்று காத்திருக்காமல் அழித்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது அக்காவுடன் இசக்கியம்மாள் என்ற நடுவயதுப் பெண் வந்தார். போன வருஷம் மாநகராட்சி ஆட்கள் அவருடைய குடிசையை இடித்தபோது ரேஷன் கார்டும் மண்ணோடு போய்விட்டது. மாற்றுக் கார்டு கேட்க, பழைய எண்ணோடு சங்கத்தின் கடிதம் வேண்டும். கொடுக்க அன்றுதான் கடைசி நாள். தாராவியில் வாழ்ந்தார் என்பதற்கு அவரிடம் வேறு எந்தக் காகிதமும் இல்லை. அக்கா பெயரை அடித்தார். அப்படி ஒரு ஃபைல் இல்லை என்றது கம்ப்யூட்டர். மறுபடி அடித்தார். ஒரு வருஷமாகத் தொடாதவற்றை எடுத்துவிட்டேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அக்கா கத்தவில்லை. "வீடு இருக்கவுக ஃபைலத்தான் திருத்துவோம், தம்பி. வீடு போனவுகளுக்கு மாத்தி எழுத என்ன இருக்கு?"

முதல் எழுத்து

நல்லவேளையாக, அந்தக் கம்ப்யூட்டர்கள் ஒரு ஃபைலை அழிக்கும்போது பெயரின் முதல் எழுத்தை மட்டும்தான் எடுக்கும். அதன்மேல் வேறு எதையும் எழுதாதவரை மற்றதெல்லாம் அங்கேயே கிடக்கும். மீட்கிற புரோகிராம் என் பையில் ஒரு பிளாப்பியில் இருந்தது. ஆனால் அது ஒவ்வொரு ஃபைலுக்கும் முதல் எழுத்து என்ன என்று கேட்கும். இசக்கியம்மாளின் ஃபைலை முதலில் எடுத்தேன். எண் திரையில் வந்ததும் அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். கடிதத்தை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

இன்னும் இருநூறு மீதி இருந்தன. தலையில்லாத ஒவ்வொரு பெயராக நான் படிக்க, அக்கா எந்த நோட்டையும் புரட்டாமல் சொன்னார்: இது பேச்சிமுத்து, இப்போது சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியில், இது மைதீன், ஊருக்கே போய்விட்டார், இது அந்தோணியம்மாள், மகள் வீட்டுத் தாழ்வாரத்தில். ஒன்றுகூடத் தவறவில்லை. எனக்கு அழுகை வந்தது. பிறகு ஒரு சந்துக்கு ஒரே ஃபைல் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். யாரையும் அழிக்காமலேயே டிஸ்க்கில் பாதிக்குமேல் காலியானது. புறப்படும்போது மன்னிப்புக் கேட்டேன். அக்கா டீயை என் பக்கம் நகர்த்தினார். "குடிச்சிட்டுப் போ. இடிக்க வந்தவனும் எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கலப்பா. நீயும் கேக்கல."

டிஸ்க்கில் இடத்தை அடைப்பது எது என்று காட்ட ஒரு கட்டளை போதும். அது யாருடையது என்று கேட்கக் கற்றுக்கொள்வதற்குத்தான், படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு, மூன்று ஆபீஸ் தேவைப்பட்டது.