கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

“இன்னும் எத்தன நாளைக்கு இந்தக் கண்ணாடியக் கட்டிக்கிட்டு அழப்போற? சொல்லுளா.”

“ஞாயித்துக்கிழம கட தெறக்க பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ண வாராங்க. அதுக்குள்ள போயிரும்.”

“போன வாரமும் இதத்தான் சொன்ன.”

“நீங்க வெளிய நின்னு ஒழுங்காத் தேச்சிருந்தா எப்பமோ போயிருக்கும். பாதி நேரம் அந்தக் கப்பல் ஏஜென்ட்டுகூடல்லா போன்ல பேச்சு.”

“ஆமா, பேசினேன். திங்கக்கிழம ஏறச் சொல்லுதான். ஏறத்தான் போறேன்.”

அத்தோடு துணியை வாளிக்குள் எறிகிற சத்தம். பைக் கிளம்புகிற சத்தம்.

நான் எதிர் வீட்டு மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே தலையணை உறையை மூன்று தடவை பிழிந்தேன். சண்டை முடியாமல் நான் எப்படிக் கீழே இறங்குவது?

பிளாரன்ஸ் அக்கா, அதாவது நான், எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாள் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் கூட்டிச் சொல்ல எனக்கே தைரியம் இல்லை. கடைக்கு உள்ளே நடந்தது ஜெபசுதா என்னிடம் சொன்னது. வெளியே நடந்தது நான் கண்ணால் பார்த்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது.

ஜெபசுதா சாத்தான்குளத்துப் பெண். புருஷன் ரெனிஷ் கப்பலில் சமையல்காரன். போன தடவை அவன் போன கப்பலை ஏதோ ஒரு நாட்டுக்காரர்கள் நடுக்கடலில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சேதியே இல்லை. இருக்கிறானா செத்தானா என்று தெரியாமல் இவள் கோயிலே கதியாகக் கிடந்தாள். பாதி உடம்பாகப் போய்விட்டாள். அவன் வந்து இறங்கிய அன்றைக்கே வேதப் புத்தகத்தின் மேல் அவன் கையை வைக்கச் சொல்லி, இனிமேல் கப்பல் ஏறுவதில்லை என்று சத்தியம் வாங்கினாள். அதற்குப் பதிலாக ஒரு பேக்கரி. அதுதான் இரண்டு பேருக்கும் உடன்படிக்கை.

கடை திறந்தால் புருஷன் கரையில். திறக்காவிட்டால் கடலில். அவளுக்கு அவ்வளவுதான் கணக்கு.

கடை செல்வதுரை அண்ணாச்சியுடையது. ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் கடை பள்ளத்தில் இறங்கிவிட்டது. இரண்டு படி கீழே இறங்கித்தான் வாசலை மிதிக்க வேண்டும். முன்னால் அதில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் இருந்தது. அந்த டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியதோடு சரி, பிறகு யாரும் எடுக்கவில்லை. பெரிய ஒற்றைக் கண்ணாடி. வெள்ளத்துச் சேறு காய்ந்து, அதன் மேல் உப்புக் காற்று படிந்து, பாலேடு போலக் கட்டியிருந்தது. உள்ளே ஆள் நின்றால் வெளியே தெரியாது. கண்ணாடியை மாற்றித் தாருங்கள் என்றால் அண்ணாச்சி கேட்கவில்லை. “கொழும்புலேர்ந்து தோணியில வந்த கண்ணாடியாக்கும். அதுமேல ஒரு கீறல் விழப்படாது” என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் திறக்காவிட்டால் கடையை மொபைல் கடைக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னார்.

எலுமிச்சம்பழம் போட்டுப் பார்த்தாள். வினிகர், சோடா மாவு, பழைய நியூஸ் பேப்பர் எல்லாம் போட்டுப் பார்த்தாள். பாத்ரூம் ஆசிட் ஊற்றச் சொன்னது நான்தான். நல்லவேளை, கேட்கவில்லை. கடைசியில் ஷேவிங் பிளேடுக்கு வந்தாள். நனைத்து, சாய்த்துப் பிடித்து, மெள்ளச் சுரண்டினால் கறை கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

ஒரே தொந்தரவு, கறை உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். அவள் உள்ளே, அவன் வெளியே. தன் பக்கம் சுத்தமாகியும் கறை தெரிந்தால் அவன் அந்த இடத்தில் விரலால் தட்டுவான். அவள் உள்ளேயிருந்து அங்கே சுரண்டுவாள். அவள் தட்டினால் அவன். பேச்சே வேண்டாம். சண்டை போட்ட நாளிலும் இந்த வேலை நடக்கும்.

அன்றைக்கு அவன் போனதும் அவள் பின்னறையில் போய் அழுதாள். முகத்தைக் கழுவினாள். திரும்பி வந்தபோது கடைச் சுவரில் மணி இரண்டரை.

டொக்... டொக்...

கண்ணாடியில் கீழே, முழங்கால் உயரத்தில்.

அவளுக்குச் சிரிப்பு வந்ததாம். கோபித்துக்கொண்டு முக்கு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவது ரெனிஷுக்கு வழக்கம். சாய்ந்த வெயிலில் கறைக்குப் பின்னால் ஒரு தலை, ஒரு தோள், நிழலாகத் தெரிந்தது. உட்கார்ந்து, தட்டிய இடத்தில் சுரண்டினாள். கறை வெண்ணெய் மாதிரி வந்தது. இத்தனை நாள் வராத கறை.

டொக்... டொக்...

ஒரு சாண் மேலே. சுரண்டினாள். வந்தது.

“அத்தான், கோவம் போயிட்டா?”

சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

“நான் பேசினது தப்புதான். உங்க அம்மையப் பத்திச் சொன்னதும் தப்புதான். நீங்க அங்கன போயிட்டா ராத்திரி நான் படுத பாடு உங்களுக்குத் தெரியாது. தூங்கினாத் தண்ணிதான் வருது. போவாதீங்கத்தான்.”

டொக்... டொக்...

இடுப்பளவில்.

அவன் எதற்கும் பதில் சொல்லாமல் தட்டிக்கொண்டே இருந்தது அவளுக்கு மன்னிப்பு மாதிரி இருந்ததாம். அழுதுகொண்டே சுரண்டினாள். அப்போதுதான் சில விஷயங்கள் அவளுக்கு உறைத்தன. வெயில் நேராக அடிக்கிற கண்ணாடி, ஐஸ் மாதிரி இருந்தது. தட்டுகிற சத்தம் காற்றில் வருகிற சத்தமாக இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை முக்கிக்கொண்டு கேட்பது மாதிரி இருந்தது. கறை போன இடத்திலும் அந்தப் பக்கம் ஆள் தெரியவில்லை. நிழல் எப்போதும் கறைக்குப் பின்னாலேயே நின்றது. அவள் சுரண்டச் சுரண்ட, மேலே ஏறிப் போயிற்று.

கால் எங்கே?

அதை அவள் யோசிக்க விரும்பவில்லை. புருஷன் திரும்பி வந்துவிட்டான். அது போதும்.

நெஞ்சளவில் வந்ததும் தட்டு நின்றது.

நிழல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணாடியில் ஒரு உள்ளங்கை அழுந்தி, சறுக்கிக்கொண்டே போயிற்று.

“அத்தான்?”

வாசலில் ஒரு அரவமும் இல்லை.

பிறகு மறுபடியும்...

டொக்... டொக்...

இப்போது அவள் தலைக்கு மேலே.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.  சுரண்டினாள். இன்னும் கொஞ்சம்தான். முழுதும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை ஜெபம். ஜெபம் முடிந்தால் அவன் கரையில்.

போன் அடித்தது.

ரெனிஷ்.

“ஏளா, கத்தாத. ஹார்பர் பக்கத்துல ஏஜென்ட் ஆபீஸ்லதான் இருக்கேன். கையெழுத்துப் போட்டுட்டேன்.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள்.

“திங்கக்கிழம காலையில கப்பல். கேக்கியா?”

டொக்... டொக்... டொக்...

“என்னளா சத்தம்? அங்கன யாரு?”

அவள் ஸ்டூலில் நின்றபடி கீழே பார்த்தாள். சுரண்டிய கண்ணாடி வழியாக வாசல் முழுதும் தெரிந்தது. இரண்டு படி. அவன் எறிந்துவிட்டுப் போன துணி. வாளி. ஒரு நாய் நிழலில் படுத்திருந்தது.

வேறு யாரும் இல்லை.

தட்டு மேலே போயிற்று. ஆள் கைக்கு எட்டாத உயரம். வலது மூலை. கூரைக்குப் பக்கத்தில், பழைய எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிய ஓட்டைக்கு ஒரு சாண் கீழே.

டொக்...

டொக்...

அவசரமாக.

எதிர் மாடியில் இருந்து நான் பார்த்தது இதுதான். ரெனிஷ் போன பிறகு அந்த வாசலில் ஒரு ஆள் இறங்கவில்லை. நான் சத்தியம் பண்ணுவேன். ஆனால் அழுக்குக் கண்ணாடி கீழேயிருந்து ஒவ்வொரு திட்டாகத் தெளிந்தது. அந்தத் திட்டு வழியாக ஜெபசுதா தெரிந்தாள். யாரையோ பார்த்துப் பேசுகிறாள், தலையை ஆட்டுகிறாள், அழுகிறாள். புருஷன் போன துக்கத்தில் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். சாயங்காலம் யார் யாரிடம் சொல்லலாம் என்றும் நினைத்தேன். பொய் சொல்லக் கூடாது.

பிறகு அவள் ஸ்டூலில் இருந்து விழுந்தாள்.

எழுந்து ஓடிவந்து கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. தோளால் இடித்தாள். வாய் திறந்து மூடுகிறது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கழுத்தை நீட்டி, மோவாயைத் தூக்கி, மேலே பார்த்து மூச்சு வாங்கினாள்.

தண்ணீரில் நிற்கிறவள் மாதிரி.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். கதவின் பிடியில் விரலை வைத்து இழுத்தேன். ஒரு விரல்தான். கதவு திறந்துகொண்டது.

அவள் என் மேல் விழுந்தாள்.

கழுத்து வரைக்கும் நனைந்திருந்தாள்.

வியர்வை என்றார் செல்வதுரை அண்ணாச்சி. இருக்கலாம். வியர்வையில் சேறு வருமா? நான் என் முந்தானையால் அவள் கழுத்தைத் துடைத்தேன். கறுத்த வண்டல் வந்தது. கடைக்குள் தரை காய்ந்து கிடந்தது. அவள் வாளித் தண்ணீர் சொட்டுக்கூடச் சிந்தாமல் அப்படியே இருந்தது.

ரெனிஷ் வந்தான். பார்த்தான். தலையில் கை வைத்து உட்கார்ந்தான். கையெழுத்தை மட்டும் திரும்ப வாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடக்கவில்லை. திங்கட்கிழமை அவன் போனான்.

எனக்கு மனசு ஆறவில்லை. பழைய ஃபேன்சி ஸ்டோரில் இன்பமணி என்று ஒரு பிள்ளை வேலை பார்த்தாள். வெள்ளத்தில் கடைக்குள் மாட்டிக்கொண்டு, ஃபேன் ஓட்டை வழியாக ஏறித் தப்பியவள். முக்கில் ஒர்க் ஷாப்பில் இருந்த ஸ்டெபினுக்கும் அவளுக்கும் ஒரு இது என்று தெருவில் பேச்சு. அவன் அதே வெள்ளத்தில் போய்விட்டான். எங்கே வைத்துப் போனான் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் கழித்து ரயில் பாதைப் பக்கம் ஒதுங்கினான். இன்பமணி இப்போது திருப்பூரில் கல்யாணம் கட்டி இருக்கிறாள். நம்பர் வாங்கிப் போன் போடுவது எனக்கு ஒரு வேலையா?

“கடையில கண்ணாடியத் தட்டுத சத்தம் கேக்குதாம்மா” என்று மட்டும்தான் சொன்னேன்.

அவள் பக்கம் ஏதோ கதவைச் சாத்துகிற சத்தம். பிறகு கேட்டாள்.

“கீழேர்ந்தா ஆரம்பிச்சுது?”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“ஆமா.”

“மேல வலது மூலையில முடிஞ்சுதா?”

“ஒனக்கு எப்படிளா தெரியும்?”

மெள்ளச் சொன்னாள். கரண்ட் இல்லை. இருட்டு. வெளித்தண்ணி அழுத்தினதில் கதவு அசையவில்லை. வெளியே ஸ்டெபின் வந்து ஸ்பேனரால் கண்ணாடியை அடித்தான். உடையவில்லை. தண்ணீர் ஏற ஏற, மேலே ஏறு, மேலே ஏறு என்று விரலால் தட்டிக் காட்டினான். இவள் தட்டு கேட்ட பக்கமாகக் கவுண்டரில் ஏறினாள். பிறகு ஷோகேஸில் ஏறினாள். தட்டு மூலைக்குப் போனது. கையை நீட்டினால் ஓட்டை.

“நல்ல பயதான் பாவம். கடைசி வரைக்கும் நின்னு வழி காட்டியிருக்கான்” என்றேன்.

“இல்லக்கா.”

“என்ன இல்ல?”

“தண்ணி எனக்கு நெஞ்சளவு வரும்போதே அவன இழுத்துட்டுப் போயிட்டு. நான் பாத்தேன். கண்ணாடியில கைய ஊனினான்... கை வழுக்கிட்டு. போயிட்டான்.”

“அப்புறம்?”

“தட்டு மட்டும் நிக்கலக்கா.”

அதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லையாம்.

கொழும்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு அண்ணாச்சி இப்போது அங்கே செங்கல் கட்டிவிட்டார். மொபைல் கடைக்காரன் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு மில்லர்புரம் பக்கம் போய்விட்டான். ஜெபசுதா சாத்தான்குளத்தில் அவள் அம்மை வீட்டில் இருக்கிறாள். சிக்னல் கிடைக்கிற இடம் வந்தால் ரெனிஷ் வீடியோவில் வருவான். போன மாசம் நான் பார்க்கப் போயிருந்தபோதும் வந்தான். கேபினைச் சுற்றிக் காட்டினான். படுக்கை, மேஜை, இவள் கொடுத்துவிட்ட வேதப் புத்தகம், வட்டமாக ஒரு ஜன்னல்.

“உப்புப் படிஞ்சு மங்கிப் போச்சி பாத்தியா? நானும் உள்ளேர்ந்து தேய்க்கேன், போவ மாட்டேங்கு” என்று சிரித்தான். “கறை அந்தப் பக்கம் போல.”

ஜெபசுதா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“அத்தான், தேய்க்காதீங்க.”