அருள்மணி சைக்கிளின் சேலை வலை

இஸ்ரவேலுக்குக் கண்ணே தராசு. குளத்தூர் உப்பளத்தில் இருபது வருஷமாக எடை போடுகிற மனுஷன். மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை ராத்தல் என்று சொல்லிவிடுவார். தட்டில் ஏற்றினால் ஒன்று இரண்டு முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். மகள் ஸ்டெல்லாமேரி ஒருநாள் சோறு கொண்டு வந்தபோது அவளையும் விளையாட்டாகத் தராசில் ஏற்றிவிட்டார். நூற்றைந்து ராத்தல்! "நான் என்ன உப்பு மூட்டையாப்பா?" என்று அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த ஸ்டெல்லாமேரிக்கு இப்போது மாப்பிள்ளை வந்திருக்கிறது. கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனிக் கணக்கப்பிள்ளை, பெயர் அருள்மணி, மாசம் எண்பது ரூபாய் சம்பளம், வேதக்காரக் குடும்பம். ஏற்கெனவே இரண்டு இடம் கைகூடி வந்து கழன்று போனது. பெண்ணுக்கு இருபத்திரண்டு நடக்கிறது. நாளை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னால் அடுத்த வாரம் கோயிலில் எல்லார் முன்னாலும் கல்யாண ஓலை வாசித்துவிடுவார்கள். ஓலை வாசித்த பிறகு பின்வாங்கினால் ஊர் சிரிக்கும். ஆகவே சனிக்கிழமை பகல் பஸ்ஸைப் பிடித்து, பெண்ணைப் பெற்றவன் என்று காட்டிக்கொள்ளாமல், மாப்பிள்ளையைப் பற்றித் துப்பு விசாரிக்கக் கோவில்பட்டியில் வந்து இறங்கினார். அந்தக் காலத்தில் எல்லாரும் செய்கிற வேலைதான். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது.

அருள்மணிக்குச் சைக்கிள் பைத்தியம் என்று கல்யாணத் தரகர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்புதான் இவரை உறுத்திக்கொண்டிருந்தது. நேரே சௌந்தரபாண்டியனின் வாடகைச் சைக்கிள் கடைக்குப் போய், தானும் ஒரு வண்டி வாங்கப் போவதாக அளந்துவிட்டார்.

"சாமான் பூட்ட எவ்வளவு ஆகும் அண்ணாச்சி?"

"அது ஆளைப் பொறுத்து. இங்கன அருள்மணின்னு ஒரு தம்பி இருக்கான். வண்டி நூத்தி எண்பது. அதுக்குப் பூட்டுனது மட்டும் நூறைத் தாண்டிருச்சு. டைனமோ லைட்டு இருவத்திரெண்டு. முழுச் செயின் கவர், கண்ணாடி, ரெட்டை மணி..."

"ரெட்டை மணி எதுக்கு?"

"ஒண்ணு மனுசனுக்கு, ஒண்ணு மாட்டுக்காம். மாடு எந்த மணிக்கு ஒதுங்குதுன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கான். அது போக கான்வாஸ் சூ, காக்கி டவுசர், கரிசத் தூசி கண்ணுல அடிக்காம இருக்கக் கறுப்புக் கண்ணாடி! பசுவந்தனைக்குப் போவான், ஒரு சோடாவைக் குடிப்பான், திரும்பிருவான். என்ன சோலின்னு கேட்டா, சும்மா போனேங்கான்."

சும்மா போவதற்கு இவ்வளவு செலவா? இஸ்ரவேலுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. குடியில்லை, சீட்டில்லை, சைக்கிளுக்குத்தானே அழுகிறான், போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். சௌந்தரபாண்டியன் அதோடு விட்டாரா?

"போன மாசம் இன்னொண்ணு வாங்குனான் பாருங்க, அதுதான் எனக்கே விளங்கல. கேரியருக்கு வெல்வெட்டு மெத்தை, கால் வைக்கக் கட்டை, சேலை சிக்காம இருக்கப் பின்சக்கரத்துல கம்பி வலை. நாலே முக்கால் ரூவா. கல்யாணம் ஆகாத பயலுக்குச் சேலை வலை எதுக்குன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டான்."

இஸ்ரவேலுக்குச் சந்தேகம் தட்டியது. எதிரே அழகுத்தாய் பானையில் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு தம்ளர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, மெல்ல அருள்மணி பேச்சை எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏன் கேக்கிய! நல்ல பையன்னுதான் நானும் நெனச்சேன். ஒரு வாரமாப் பொழுது சாயுத நேரம் பின்னால ஒருத்திய வச்சுக்கிட்டு மந்தித்தோப்பு ரோட்டுல போறான். முக்காட்டை இழுத்துப் போட்டிருக்கா. மூஞ்சி தெரியல. நானும் ஏட்டி, யாருட்டீன்னு சத்தங் கொடுத்துப் பாத்தேன். திரும்பக்கூட இல்ல, அம்புட்டுத் திமிரு!"

இஸ்ரவேல் தம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார். ஆண்டவரே, நாளைக்கு வாக்குச் சொல்லியிருந்தால்! ஸ்டெல்லாமேரி பெட்டியில் மடித்து வைத்திருக்கிற நீலப்பட்டுச் சேலை ஞாபகம் வந்தது. தரகரைக் கண்டால் மென்னியைத் திருகுவது என்று முடிவு செய்தார். ஆனாலும் கண்ணால் காணாமல் வேண்டாம் என்று சொல்லவும் மனசு இடம் கொடுக்கவில்லை. அவள் யார், எந்த ஊர்க்காரி என்றாவது தெரிய வேண்டாமா? சௌந்தரபாண்டியனிடம் ஒரு வாடகை வண்டியை எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, மந்தித்தோப்பு ரோட்டில் ஒரு வேப்பமரத்தடியில் காத்துக்கிடந்தார்.

வெயில் தாழ்ந்து மஞ்சள் கட்டிய நேரம். இரட்டை மணி கேட்டது. கறுப்புக் கண்ணாடியும் கான்வாஸ் சூவுமாக அருள்மணி ஜம்மென்று கடந்து போனான். பின்னால் சிவப்புச் சேலைக்காரி. சரியான குட்டைச்சி. முக்காடு போட்டு, முந்தானை காற்றில் பறக்க, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

இஸ்ரவேல் மிதித்தார். அந்த வாடகை வண்டியோ கிறீச் கிறீச்சென்று ஊரைக் கூட்டியது. முன்னால் போனவன் நல்ல பாதையை விட்டுவிட்டு, வண்டித்தடம் விழுந்து வெடித்துக் கிடந்த கரிசல் காட்டுக்குள் வேண்டுமென்றே இறக்கினான். 'மறைவுக்குப் போறான் பாரு' என்று இவருக்கு ரத்தம் கொதித்தது. அங்கே சைக்கிள் ஒரு துள்ளுத் துள்ளியது. அடுத்த துள்ளலில் பின்னால் இருந்தவள் தொப்பென்று விழுந்தாள்.

"அய்யோ, பொம்பளப்பிள்ள!" என்று கத்திக்கொண்டே இஸ்ரவேல் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

அருள்மணியோ விழுந்தவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சைக்கிளைப் படுக்கப் போட்டு, சக்கரத்துப் பக்கம் குந்தி, கம்பிகளுக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தான். இஸ்ரவேலுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"ஏலே, நீ மனுசனா? ஒரு பொம்பள விழுந்து கெடக்கா, சக்கரத்தைத் தடவுதியே!" என்று சொல்லிக்கொண்டே அவளைத் தூக்கக் கை கொடுத்தார். கைக்குச் சாக்கு தட்டுப்பட்டது. முக்காட்டை விலக்கினார். உள்ளே பருத்திக்கொட்டை மூட்டை, வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தது.

அருள்மணி கண்ணாடியைக் கழற்றினான். வெட்கத்தில் அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி. இது எங்கம்மை சேலை. வலை போட்டும் அச்சுப் பக்கத்துல முந்தி சிக்குது. இன்னைக்கோட மூணாவது கிழிசல்."

"மூட்டைக்கு எதுக்குய்யா சேலை?"

"எங்கம்மை ஒருதடவ அப்பா சைக்கிள்ல போகயில இப்படித்தான் சேலை சிக்கி விழுந்தா. வலது கை இன்னும் நீட்ட மடக்க வராது. இப்ப எனக்குக் குளத்தூருல பொண்ணு பேசுதாங்க. நாளைக்குத்தான் பதில் சொல்லுவாங்களாம். வாரவ இதுலதான உக்காரணும்? ஆளை ஏத்தியா சோதிச்சுப் பாக்க முடியும்? அதான் ஒரு வாரமா இந்த மூட்டைய வச்சு, காட்டுலயும் மேட்டுலயும் ஓட்டிப் பாக்கேன். கடையில கேட்டாங்க, சொல்லக் கூச்சமா இருந்துச்சு." பிறகு கவலையோடு கேட்டான்: "அவிய சரின்னு சொல்லுவாங்களா என்னன்னுகூடத் தெரியல. அதுக்குள்ள இம்புட்டுச் செலவான்னு நீங்களும் சிரிப்பிய, இல்ல?"

இஸ்ரவேல் சிரிக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மேல்துண்டால் கரிசல் தூசியைத் துடைக்கிற பாவனையில் அதையும் துடைத்துக்கொண்டார். மூட்டையை இரண்டு கையாலும் நிமிர்த்தி வைத்தார். சேலையை உதறி ஒழுங்காகச் சுற்றிவிட்டார். ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து, உப்பளத்தில் பார்க்கிற அதே பார்வையில் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"தொண்ணூறு ராத்தல் இருக்குமா?"

அருள்மணி அசந்து போனான். "அச்சு அசலாத் தொண்ணூறு! எப்படி அண்ணாச்சி கண்டுபிடிச்சிய?"

"காணாது. இன்னும் பதினஞ்சு ராத்தல் போட்டு ஓட்டிப் பாருங்க, மாப்ளே."