எங்கே நின்றாலும் திறக்கும் கதவு

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வந்த சில நாட்களில் எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. துக்கத்தில் உடனிருந்த உங்களுக்கு அவருடைய வாழ்க்கையை எழுதித் தர வேண்டும் என்று அண்ணி விரும்பினார்கள். "நீதான் எல்லாத்தையும் எழுதி வெச்சிகினு இருக்கியே மா" என்று பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்கள். பதினேழு வயதிலிருந்து நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். இதில் உள்ளவை அந்த நோட்டுகளைப் பார்த்து எழுதியவை. நினைவிலிருந்து எழுதிய இடங்களில் அப்படியே குறிப்பிட்டிருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது எலவனாசூர்கோட்டையில். அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைத்தவர். தொடர்ந்து இரண்டு வருடம் மழை இல்லாமல் குத்தகை நிலம் கைவிட்டுப் போனது. அண்ணன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு லாரியில் கிளீனராக ஏறினார். அப்போது எனக்கு ஆறு வயது. முதல் பயணம் முடிந்து வந்தவர் நாக்பூரிலிருந்து ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்தார். உரித்த சுளையை என் வாயில் வைத்து, "மூணு ராஜ்யம் தாண்டி வந்திருக்குது பாப்பா, மெதுவா தின்னு" என்றார். இது நினைவிலிருந்து எழுதியது.

பிறகு அவர் டிரைவர் ஆனார். இருபத்து நான்கு ஆண்டுகள் லாரி ஓட்டினார். என்னைப் படிக்க வைத்ததும், சங்கராபுரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேரும்வரை என்னைத் தாங்கியதும் அந்தச் சம்பாத்தியம்தான். அண்ணிக்கும் அவருக்கும் கள்ளக்குறிச்சியில் குடித்தனம் அமைந்தது. நானும் அவர்களோடுதான் இருந்தேன். ஒரே மகள் பிறந்தாள்.

லாரி கிளம்பும்போது அண்ணன் சொல்லும் நாள்கணக்கு ஒருமுறையும் சரியாக இருந்ததில்லை. எட்டு நாள் என்றால் பதினோரு நாள் ஆகும். எட்டாம் நாள் காலையிலிருந்தே அண்ணி அவருக்கும் சேர்த்து உலையில் அரிசி போடுவார்கள். அவர் வராத நாட்களில் அந்தச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் நாங்கள் சாப்பிடுவோம். அந்த வருடங்களில் அண்ணி பெரும்பாலும் பழைய சோறுதான் சாப்பிட்டார்கள் என்பதை நோட்டுகளைத் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன்.

முழங்கால் வலி வந்து ஓட்டுவதை விட்ட பிறகு, கள்ளக்குறிச்சியில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் அண்ணன் சேர்ந்தார். ஒன்பது வருடம் அங்கே இருந்தார். வெறும் சேசிஸாக, அதாவது சக்கரமும் அடிச்சட்டமுமாக வரும் வண்டி, கூண்டோடு வெளியே போகும். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அவர் பூட்டிய கூண்டு எந்தச் சாலையிலும் சத்தம் போடாது. சேசிஸையும் கூண்டையும் கவ்விப் பிடிக்கும் யூ போல்ட்டுகளை மற்றவர்கள் முறுக்கி முடித்த பிறகு, இவர் ஸ்பேனரில் குழாய் மாட்டி இன்னும் அரைச் சுற்று முறுக்குவார். இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்பது பின்னால் தெரியும்.

ஒன்பதாம் வருடத்தில் பட்டறைக்கு ஒரு பழைய லாரி வந்தது. ஏலத்தில் எடுத்த வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. கூண்டு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. இன்ஜினும் சேசிஸும் நன்றாக இருந்தன. உடைத்து விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அண்ணன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் அதை நிறுத்தி, அதன் மேல் ஒரு வீடு கட்டப்போவதாக எங்களிடம் சொன்னார். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே இருக்கும். தார் ரோடு முடிகிற இடத்துக்கு அப்பாலும் போகும். இமயமலை அடிவாரம் வரை தான் பார்த்ததை எல்லாம் அண்ணிக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. முதலில் கல்வராயன் மலைக்கு என்றார்.

அண்ணிக்கு அதில் துளியும் விருப்பமில்லை. லாரி ஓடிய வருடமெல்லாம் அவர்கள் காத்திருந்தது கணவர் வீட்டில் இருக்கும் நாளுக்காக. "வூட்டுல இருங்கன்னு சொன்னா, வூட்டையே தூக்கிகினு கெளம்புறாரு உங்க அண்ணன்" என்று என்னிடம் சொன்னார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, எந்தப் படத்துக்கு ஷூட்டிங் என்று கேட்டார்கள். அண்ணனோடு முன்பு லாரி ஓட்டிய நண்பர் ஏழுமலை அண்ணன் மட்டும் தினமும் வந்து வெல்டிங் வேலைக்குக் கைகொடுத்தார். அவரும் சும்மா இருக்கவில்லை. "இன்னா மாமு, கதவுக்கு மாவெல கட்டிட்டியா, கிரகப்பிரவேசம் எப்போ?" என்று கேட்பார்.

அளவுகளை எழுதும் வேலை எனக்கு. பன்னிரண்டடி நீளம், ஆறரை அடி அகலம். சதுரக் குழாயில் சட்டம், வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட், இரண்டுக்கும் நடுவே வெயிலுக்கும் குளிருக்கும் தெர்மோகோல். ஜன்னலுக்குத் திருடர் பயத்தில் இரும்புக் கிராதி. தரையிலிருந்து வண்டித் தளம் நாற்பத்திரண்டு அங்குலம் இருந்தது. அண்ணிக்கு எந்த உயரம் ஏற வசதி என்று கேட்காமல், எங்கள் அடுப்படி வாசற்படியை அளந்து வரச் சொன்னார். ஏழு அங்குலம். அதே உயரத்தில் மடக்கும் இரும்புப் படி ஐந்து செய்தார். ஆறாவது எட்டு வீட்டுக்குள். அண்ணி தூங்கும்போது ஒரு தகடும் சலசலக்கக் கூடாது என்று, எட்டு யூ போல்ட்டையும் குழாய் மாட்டி அரைச் சுற்றுக்கு மேலேயே முறுக்கினார். கட்டி முடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. வண்டியின் காகிதங்களை மாற்றி வாங்க மேலும் ஐந்து மாதம்.

ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை காலை கிளம்பினோம். நானும் அண்ணியும் பின்னால், அண்ணனும் ஏழுமலை அண்ணனும் முன்னால். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில்கூட ஒரு சத்தமும் இல்லை. அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த கைகளை எடுத்துக் கிராதியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்கள். வெள்ளிமலையில் டீ குடித்துவிட்டு, சாமை விதைத்த சரிவுகளுக்கு நடுவே ஒரு மண் பாதையில் இறங்கினோம். ஒரு வளைவில் முன் சக்கரம் ஒரு பாறை மேல் ஏறியது. எதிர்ப்பக்கம் பின் சக்கரம் மழையில் அரித்த பள்ளத்தில் இறங்கியது. வண்டி கோணலாக நின்றுவிட்டது.

அண்ணன் இறங்கி வந்து கதவைத் திறக்கச் சொன்னார். திறக்கவில்லை. உள்ளிருந்து நாங்கள் தள்ள, வெளியிலிருந்து அவர்கள் இழுக்க, கதவு அசையவே இல்லை. பட்டறையில் ஒன்பது வருடம் பழகிய முறுக்கு இந்த வண்டிக்குத் தவறு என்பது அங்கேதான் தெரிந்தது. மேடு பள்ளத்தில் நிற்கும்போது சேசிஸ் ஈரத் துணியைப் பிழிவது போல் முறுகும். நெல் மூட்டை ஏற்றும் கூண்டுக்கு அதனால் பாதகமில்லை. ஆனால் இறுக்கிப் பூட்டிய வீடு சேசிஸோடு சேர்ந்து முறுகினால், நிலைச் சட்டம் கோணி கதவைக் கவ்விக்கொள்ளும். என்னிடம் டேப் இருந்தது. நிலைச் சட்டத்தை மூலைக்கு மூலை அளந்தேன். சமமாக இருந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவே இப்போது முக்கால் அங்குலம் வித்தியாசம்.

அப்போது மணி 10.40. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே நின்று, பயப்பட வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணி அழவில்லை. கிராதி வழியாக அவரைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார்கள்: "இருவத்தி நாலு வருசம் வூட்டுல வெச்சி பூட்டிட்டு போனீங்க. இப்ப அந்த வூட்டுக்கு சக்கரம் வெச்சி, அதுலயும் பூட்டிட்டீங்க."

அதைக் கேட்ட ஏழுமலை அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பக்கத்துக் கொல்லையிலிருந்து ஒரு தம்பதியும் அவர்கள் உறவினர் இருவரும் கடப்பாரையோடு வந்தார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, பள்ளத்தில் கல் அடுக்கினார்கள். வண்டி சமமானதும், யாரும் தொடாமலே கதவு 'டக்' என்று விடுபட்டது. மணி 11.55. அந்த அம்மாள் எங்களுக்குச் சரிவிலேயே மூன்று கல் கூட்டி, கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். சரிந்த தரையில் விளிம்புவரை தண்ணீர் நிறைந்த பாத்திரம் ஆடாமல் நின்றது. அண்ணன் காப்பியை வாங்காமல் அந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "மூணு கல்லுன்னு எழுதிக்கோ பாப்பா" என்றார். எழுதிக்கொண்டேன். புரியவில்லை. அண்ணி வெள்ளிமலைக்கு நடந்து போய் பஸ் ஏறினார்கள். நானும் உடன் போனேன்.

புரிய மூன்று வாரம் ஆனது. அண்ணன் எட்டு யூ போல்ட்டையும் அறுத்துப் போட்டார். வீட்டை நாலாபுறமும் கவ்வாமல் மூன்று இடத்தில் மட்டும் தாங்க வைத்தார். பின்னால் இரண்டு, முன்னால் நடுவில் ஒன்று. முன்னால் உள்ளது தடித்த ஓர் இரும்பு முளையில் அசையும். சேசிஸ் எப்படி முறுகினாலும், அடுப்பு மேல் பாத்திரம் போல வீடு அதன் போக்கில் நிற்கும். இப்போது வண்டி ஓடும்போது லேசாகக் 'கிறீச்' என்று ஒரு சத்தம் வரும். தன் வேலையில் அந்தச் சத்தத்தை அவர் ஒத்துக்கொண்டதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

அண்ணி அந்த மனைப் பக்கமே போகவில்லை. அண்ணனும் வற்புறுத்தவில்லை. ஒரு முன் சக்கரத்தைக் கருங்கல் அடுக்கின் மேல் ஏற்றி, வண்டியைக் கோணலாக நிறுத்தினார். தினமும் மாலை ஐந்தரைக்குப் போய்க் கதவைத் திறந்து மூடிவிட்டு வருவார். அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் அது தெரியும். நாற்பத்தோராம் நாள் அண்ணனுக்குக் காய்ச்சல், படுத்திருந்தார். ஐந்தரை தாண்டியது. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போனார்கள். நான் ஜன்னலில் நின்றேன். ஐந்து படி ஏறி, கதவை ஒரு விரலால் தள்ளினார்கள். திறந்தது. உள்ளே போய்ச் சாத்திக்கொண்டு, மறுபடி திறந்து வெளியே வந்தார்கள். அப்படி நான்கு முறை. வீட்டுக்குள் வந்து அண்ணனிடம், "சத்தம் போடுதே, எண்ண வுட மாட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்கள்.

அதன் பிறகு மூன்றரை ஆண்டுகளில் அவர்கள் இருவரும் பதினேழு பயணம் போனார்கள். மலையின் பெரும்பாலான பாதைகள், ஏற்காடு, ஒருமுறை துங்கபத்திரைக் கரை வரை. இமயமலைக்குப் போக முடியவில்லை. போன இடங்களிலிருந்து அண்ணி எனக்குப் போன் செய்து, அன்று சாப்பிட்டது, பார்த்தது எல்லாம் சொல்வார்கள். எழுதிக்கொள்வேன். ஒரு நாளும் பழைய சோறு என்று சொன்னதில்லை.

கடைசியில் இதயம் பலவீனமாகி, மருத்துவர் வண்டி ஓட்டக் கூடாது என்றார். படுத்திருந்த நாட்களில் என் நோட்டுகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். ஒருநாள் அந்தப் புதன்கிழமையைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அண்ணி சொன்ன வார்த்தைகள் வந்த இடத்தில் நிறுத்தி, அதை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் பாப்பா. உண்மதான அது, இருக்கட்டும். கீழ ஒரு வரி எழுது, கதவ சரி பண்ணியாச்சின்னு."

எழுதினேன். அதற்கு ஒன்பதாம் நாள் காலை, காப்பி குடித்து முடித்துவிட்டு, அண்ணி டம்ளரைக் கழுவி வருவதற்குள் அமைதியாகப் பிரிந்தார்.

நோயில் பக்கம் நின்ற மகளுக்கும் மருமகனுக்கும், மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பட்டறைத் தோழர்களுக்கும், பாடை தூக்கிய தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடப்பாரையோடு ஓடிவந்த மலைக் குடும்பத்துக்கும், காப்பி போட்ட மூன்று கல்லுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

வண்டியை விற்றுவிடலாம் என்று உறவினர் சிலர் நல்ல மனதோடு சொன்னார்கள். அண்ணி கேட்டுக்கொண்டார்கள். ஆண்டுப் படையலை மலை மேல் வைப்பது என்று போன மாதம்தான் அறிவித்தார்கள். ஏழுமலை அண்ணன் ஓட்டிப் போகிறார். சமமான இடமாகப் பார்த்து நிறுத்தட்டுமா என்று அவர் கேட்டதற்கு, வேண்டாம், அந்தப் பாறை மேலேயே ஏற்றி நிறுத்துங்கள் என்று அண்ணி சொல்லிவிட்டார்கள்.

வருகிறவர்கள் வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் வரலாம். காலை பத்தரைக்குள் வந்தால் நல்லது. உங்களுக்குச் சொல்லச் சொல்லி அண்ணி தந்த செய்தியைச் சொன்னபடியே எழுதி முடிக்கிறேன்:

"யாரும் வண்டியாண்ட நின்னுகினு, யாரு தொறப்பாங்கன்னு பாக்க வேணாம். தள்ளனா தொறக்கும். நான் உள்ளதான் இருப்பேன். ஒலையில எல்லாருக்கும் சேத்துதான் போட்டிருக்கேன்."