உறையில் எழுதாமல் விட்ட எண்

குத்தகை நிலத் தகராறு மும்முரமாக இருந்த நேரம். குத்தாலத்தில் விவசாயத் தொழிலாளர் கூட்டத்தன்று காலை, மைக்செட் காளிமுத்து ஊமையாகிவிட்ட ஆம்ப்ளிஃபயரோடு என் ரிப்பேர் கடைக்கு வந்தார்.

"நாலு மணிக்குக் கூட்டம் சார். மைக் பேசலன்னா, மிராசுதார்கிட்ட நான் விலைபோயிட்டேம்பாங்க."

பவர் சப்ளை போர்டில், மின்னழுத்தத்தைச் சீராகத் தரும் வோல்டேஜ் ரெகுலேட்டர் போயிருந்தது. என்னிடம் உறையில் இருந்த புதியதைச் சால்டர் செய்தேன். மற்ற போர்டுகளை இணைக்குமுன் மீட்டர் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வோல்ட் வரவில்லை, ரெகுலேட்டர் கொதித்தது. அதன் மேல் இருந்த எண்ணைப் பார்த்தால் 7912, மைனஸ் பன்னிரண்டு வோல்ட்டுக்கானது. வேண்டியது பிளஸ்ஸுக்கான 7812. உருவம் ஒன்றுதான், கால்களின் வேலை வேறு. இணைத்திருந்தால் ஆம்ப்ளிஃபயரே போயிருக்கும்.

உறையில் வாங்கிய தேதி, கடை, அன்று பெய்த மழை எல்லாம் எழுதியிருந்தேன். எண்ணை எழுதவில்லை.

"மழைய மட்டும் மறக்கல சார் நீங்க!" என்றார் காளிமுத்து.

சரியானதைத் தேடிப் போட்டேன். நாலு மணிக்கு மைக் பேசியது. இப்போது உறையில் எண்ணைத்தான் முதலில் எழுதுகிறேன். தேதி அதற்குக் கீழே.